கண்ணாடிக் கடையும் கம்பெனிப் பெயரும்

நான் என் பெரியப்பாவின் கண்ணாடிக் கடையில் போய்ச் சேர்ந்தது 1974-ஆம் வருஷம். கும்பகோணம் பெரிய தெருவில், பாத்திரக் கடைகளுக்கும் ஜவுளிக் கடைகளுக்கும் இடையில், ஓர் ஆள் கையை விரித்தால் இரண்டு சுவரையும் தொட்டுவிடக்கூடிய அகலத்தில் இருந்த அந்தக் கடைக்கு வந்துபோன வாடிக்கைக்காரர்களில் பெரும்பாலோர், மூக்குக் கண்ணாடியின் பிரேமுக்கும் ஒரு கம்பெனிப் பெயர் உண்டு என்பதையோ, அந்தப் பெயர் காதுக்குப் போகும் கம்பியின் உட்புறத்தில் பொடி எழுத்தில் அச்சாகியிருக்கும் என்பதையோ அறிந்தவர்கள் அல்லர். அறிந்திருந்தாலும் அதைப் படிக்க அவர்களுக்கு முதலில் கண்ணாடி வேண்டுமே என்று பெரியப்பா வேடிக்கையாகச் சொல்லுவார். அந்த நிலையிலிருந்து, பெயரைச் சொல்லிக் கேட்டு, பெயருக்கென்றே பணத்தை எண்ணி வைக்கும் நிலைக்கு ஜனங்கள் வந்து சேர்ந்த காலம் முழுவதையும் ஒரே கல்லாப் பெட்டியின் பின்னால் உட்கார்ந்து பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. ஆகையால், கண்ணாடிக் கடைக்காரன் சரக்குப் பிடிக்கும்போது பெயருக்கு எவ்வளவு மதிப்புக் கொடுக்கலாம் என்ற விஷயத்தில் எனக்குச் சில தீர்மானமான அபிப்பிராயங்கள் உண்டு.

பெரியப்பா தொழில் கற்றது சென்னை மவுண்ட் ரோடில், வெள்ளைக்காரர் காலத்திலிருந்து நடந்துவந்த ஒரு பெரிய கண்ணாடிக் கம்பெனியில். அங்கே லென்ஸ் தேய்க்கும் கல்லின் முன்னால் இளமையைக் கழித்துவிட்டு ஊர் திரும்பிச் சொந்தக் கடை வைத்தவராகையால், சரக்கு வாங்கச் சென்னைக்குப் போகும்போது, எழும்பூரில் இறங்கிக் காபி குடித்த கையோடு பாரிமுனைச் சந்துகளுக்குள் நுழைந்து, மொத்த வியாபாரி சேட் தட்டுத் தட்டாக எடுத்து வைக்கும் பிரேம்களை அவர் பரிசோதிக்கும் விதமே ஒரு சாஸ்திரமாக இருக்கும். முதலில் பிரேமை விரித்து மேஜைமேல் வைப்பார். ஒரு பக்கம் பலகையைத் தொட்டு மறுபக்கம் ஆடினால் அது ஒதுக்கப்பட்டுவிடும். பிறகு கீலை மெதுவாக மடக்குவார். பாதி வழியில் விரலை எடுத்தால் கம்பி அங்கேயே நிற்க வேண்டும், தொளதொளவென்று விழுந்தால் அதுவும் தள்ளுபடி. ஷெல் என்று நாங்கள் சொல்லும் பிளாஸ்டிக் பிரேமாக இருந்தால் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்து முகர்ந்து பார்ப்பார். கற்பூர வாசனை வந்தால் அது செல்லுலாயிட், நெருப்புக் கண்டால் குப்பென்று பற்றிக்கொள்ளும் ஜாதி என்று, எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடமாட்டார். வாசனையில்லாத அசிட்டேட்டாக இருந்தால்தான் விலை பேச ஆரம்பிப்பார். உலோகப் பிரேமானால், மூக்குக்கு மேலுள்ள வளைவு இரண்டு வட்டங்களோடும் சேருமிடத்தில் பற்றவைப்பு வழவழவென்று இருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பார்ப்பார். இத்தனையும் செய்த அந்த மனிதர் ஒரு தடவையாவது கம்பியைத் திருப்பி யார் செய்தது என்று வாசித்ததாக எனக்கு ஞாபகமில்லை.

அவருடைய சாஸ்திரத்துக்கு ஆதாரம் அவருடைய வாடிக்கைக்காரர்கள். கும்பகோணத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் கண்ணை வைத்துப் பிழைப்பவர்கள் அதிகம். சுவாமிமலையிலிருந்து வரும் ஸ்தபதிகள், மெழுகில் விக்கிரகத்தின் விரல் நகத்தையும் ஆபரணத்தின் முத்துக்களையும் செதுக்கிக்கொண்டு நாள் முழுவதும் குனிந்தே இருப்பவர்கள் ஆதலால், குனிந்தால் நழுவாமல் காதைச் சுற்றிக் கொக்கிபோல் வளைந்து பிடிக்கும் சுருள் கம்பியுள்ள பிரேம் அவர்களுக்கு வேண்டும். திருபுவனத்துப் பட்டு நெசவாளிகளோ, புத்தகம் படிக்கும் தூரத்தைவிடச் சற்று எட்டத்தில் இருக்கும் பாவைப் பார்க்க வேண்டியவர்கள். பைஃபோகலின் கோடு அவர்கள் பார்வைக்குக் குறுக்கே வந்தால் இழை தப்பிவிடும் என்பதால், வட்டத்தின் உயரம் போதுமானதாக உள்ள பிரேமாகத் தேடிக் கொடுக்க வேண்டும். கோயில் குருக்கள்மார்கள் விபூதியும் சந்தனமும் வியர்வையும் கலந்த ஒரு குழம்பைச் சதா மூக்கின்மேல் தாங்கிக்கொண்டிருப்பவர்கள். மோனல் என்ற உலோகக் கலவையில் செய்த மலிவான பிரேமை அவர்களுக்குக் கொடுத்தால் கொஞ்ச நாளில் மூக்குத் தாங்கியின் அடியில் பச்சைக் களிம்பு ஏறி, தோல் அரித்துப் புண்ணாகிவிடும் என்று, ரோல்டு கோல்டோ நல்ல ஷெல்லோதான் பெரியப்பா எடுத்து வைப்பார். இவர்களில் யாருடைய தேவைக்கும் கம்பெனிப் பெயர் ஒரு பதிலும் சொல்லாது. அவர்கள் ஊரில் போய்ச் சொன்ன பெயரும் கடையின் பெயர்தான்.

எழுபதுகளின் கடைசியிலிருந்து நிலைமை மாறத் தொடங்கியது. பாபநாசத்தை அடுத்த ராஜகிரி, பண்டாரவாடை முதலிய ஊர்களிலிருந்து வளைகுடா நாடுகளுக்குச் சம்பாதிக்கப் போனவர்கள் விடுமுறையில் திரும்பும்போது, டேப் ரிக்கார்டர், அத்தர், துணி இவற்றோடு, தகப்பனாருக்கென்று ஒரு ஜெர்மன் ரோடன்ஸ்டாக் பிரேமும், தமக்கென்று ஒரு ரேபான் கூலிங் கிளாஸும் கொண்டுவருவது வழக்கமாயிற்று. அயல்நாட்டுச் சரக்கு இறக்குமதிக்குச் சர்க்கார் கடுமையான தடைகள் வைத்திருந்த காலம் அது. சென்னை பர்மா பஜாரில் மறைவாக வாங்கினால் ஒழிய, அப்படிப்பட்ட பொருள்கள் எங்களைப் போன்றவர்கள் கண்ணிலேயே படமாட்டா. முதன்முதலாக ஒரு பாய் தம் தகப்பனாரின் பவருக்கு லென்ஸ் போட்டுத் தரும்படி ரோடன்ஸ்டாக் பிரேம் ஒன்றைக் கொண்டுவந்தபோது, பெரியப்பா அதை மேஜைமேல் வைத்தார், கீலை மடக்கினார், பற்றவைப்பைத் தடவினார். பிறகு வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, “இதைச் செய்தவன் நம்மை ஏமாற்றவில்லையடா” என்று என்னிடம் சொன்னார். பெயருக்குப் பின்னால் மெய்யான வேலையும் இருக்கக்கூடும் என்பதை நான் கற்றுக்கொண்டது அன்றைக்குத்தான்.

ரேபானின் சங்கதி வேறு. 1937-இல், மேகங்களுக்கு மேலே கண் கூசாமல் பறக்க வேண்டிய அமெரிக்க விமானிகளை மனத்தில் வைத்துப் பாஷ் அண்டு லோம் கம்பெனி வெளியிட்ட அந்தப் பச்சைக் கண்ணாடி, யுத்தத்துக்குப் பிறகு பட்டாளத்திலிருந்து தெருவுக்கும், தெருவிலிருந்து சினிமாத் திரைக்கும் நடந்து வந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் கறுப்புக் கண்ணாடிக்குக் கீர்த்தி தேடிக் கொடுத்தவர்கள் கம்பெனிக்காரர்கள் அல்லர், எம்.ஜி.ஆரும், அவருக்குப் பின் ரஜினிகாந்தும்தாம். படம் வெளியான வாரத்தில், “சார், அந்தப் படத்தில் போட்டுக்கொண்டு வருவாரே, அதே மாதிரி” என்று கேட்டுக்கொண்டு வந்த இளைஞர்களுக்கு அதைச் செய்தவன் யார் என்பது பொருட்டே அல்ல. வளைகுடாவிலிருந்து வந்தவர்களோ, லென்ஸின் ஓரத்தில், கீலை ஒட்டி, உற்றுப் பார்த்தால் மாத்திரம் தெரியும்படி செதுக்கியிருந்த பி.எல். என்ற இரண்டெழுத்தை வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டிப் பெருமைப்படுவார்கள். ஒரு பொருளை அதன் உபயோகத்துக்காகவும், அதை அணிந்தவன் முகத்துக்காகவும் விரும்பிய காலம் கடந்து, அதன்மேல் இருக்கும் எழுத்துக்காக விரும்பும் காலத்தின் வாசலில் நாங்கள் நின்றுகொண்டிருந்தோம்.

1991-க்குப் பின் இறக்குமதித் தடைகள் தளர்ந்தன. ராஜஸ்தானத்துப் பிவாடியிலேயே ரேபான் தயாராயிற்று. அயல்நாட்டுப் பெயர்களின் பிரதிநிதிகள், வெல்வெட் விரித்த பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு, கழுத்தில் டையோடு பெரிய தெரு வெயிலில் வியர்த்து வழிந்தபடி எங்கள் கடைப் படியேறினார்கள். அவர்களுள் ஒருவர் வைத்த நிபந்தனைகள் இன்னும் என் மனத்தில் இருக்கின்றன. குறைந்தபட்சம் இத்தனை பிரேம் எடுக்க வேண்டும். எவை வேண்டுமென்று நாம் பொறுக்கக் கூடாது, அவர் கொடுக்கும் கலவையை அப்படியே எடுக்க வேண்டும். கண்ணில் படும் இடத்தில் அவருடைய அலமாரிக்கு இடம் விட வேண்டும். விலையைக் குறைத்து விற்கக் கூடாது. அந்தக் கலவையில் எங்கள் ஊர் முகங்களுக்குப் பொருந்தியவை பாதிகூட இல்லை. ஐரோப்பியருடைய உயர்ந்த நாசிகையை உத்தேசித்துச் செய்த ஷெல் பிரேம்கள், நம்மவர் மூக்கின்மேல் உட்காராமல் கன்னத்தின்மேல் இறங்கி உட்கார்ந்தன. சிரித்தால் கண்ணாடி மேலே எழும்பியது. விலை போகாமல் தங்கிய அந்தப் பிரேம்களைத் திருப்பி எடுத்துக்கொள்ளும்படி கேட்டபோது, மாடல் பழையதாகிவிட்டது என்று பதில் வந்தது. பெயரிடாத நல்ல பிரேம் ஐந்து வருஷம் கழித்தும் நல்ல பிரேமாகவே விற்கும். பெயர் பெற்ற பிரேமோ பஞ்சாங்கத்தைப்போல் வருஷம் முடிந்ததும் மதிப்பிழந்துவிடுகிறது என்பதைச் சரக்குப் பிடிக்கிறவர்கள் கவனத்தில் கொள்ள வேண்டும்.

ஆயினும் பெயரால் விளையும் நன்மைகளை மறைப்பது நியாயமாகாது. யோக்கியமான கம்பெனி ஒன்றின் பிரேமில் 52, 18, 140 என்று அச்சிட்டிருந்தால், வட்டத்தின் அகலம் 52 மில்லிமீட்டர், மூக்குக்கு மேலுள்ள இடைவெளி 18, கம்பியின் நீளம் 140 என்பது அளந்து பார்த்தாலும் மாறாது; பெயரில்லாத சரக்கில் அந்த எண்கள் பல சமயம் அலங்காரத்துக்குத்தான் இருக்கும். திருகாணி தொலைந்தால் அதே அளவில் வேறு கிடைக்கும். ஒரு கம்பி உடைந்தால், மாடல் நடப்பில் உள்ளவரையில், மறு கம்பி வரவழைக்கலாம். தேங்காயெண்ணெயும் வியர்வையும் பட்டு ஷெல் வெளிறிப் போவதும் குறைவு. எல்லாவற்றுக்கும் மேலாக, முதன்முதலாக நம் கடைக்கு வரும் அந்நியன் ஒருவன், நம்மை நம்பக் காரணம் ஏதும் இல்லாத நிலையில், தனக்குத் தெரிந்த ஒரு பெயரைக் கண்ணாடி அலமாரியில் கண்டதும் தைரியமாக உள்ளே வருகிறான். கல்யாணம் நிச்சயமான பிள்ளைக்குப் பெண் வீட்டார் கண்ணாடி வாங்கிக் கொடுக்கும்போது, சபையில் சொல்லிக்கொள்ளத்தக்க ஒரு பெயரைக் கேட்பதிலும் தவறொன்றும் இல்லை. பிறர் சம்பாதித்த நம்பிக்கையைக் கடனாக வாங்கி நம் வாசலில் வைப்பதுதான் பிராண்டு என்பது. கடன் வாங்குவது குற்றமல்ல, எவ்வளவு வட்டிக்கு என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

அந்தப் பெயர்களுக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று நான் தேடிப் படிக்கத் தொடங்கியது பிற்காலத்தில்தான். இத்தாலியின் வடக்கே, ஆல்ப்ஸ் மலைச் சரிவில் உள்ள கடோரே பள்ளத்தாக்கில் 1878-இலேயே கண்ணாடித் தொழிற்சாலை ஏற்பட்டுவிட்டது. அதே மலைநாட்டில் அகோர்தோ என்னும் சிற்றூரில், அநாதை விடுதியில் வளர்ந்த லியோனார்தோ தெல் வெக்கியோ என்பவர், பிறருக்கு உதிரி பாகங்கள் செய்து கொடுப்பதற்காக 1961-இல் ஆரம்பித்த லக்ஸாட்டிகா என்ற பட்டறை, காலக்கிரமத்தில் உலகத்தையே அளாவிய ஸ்தாபனமாக வளர்ந்தது. 1988-இல் ஜார்ஜியோ அர்மானி என்ற உடையலங்காரக்காரரின் பெயரைப் பிரேமில் போட்டுக்கொள்ள அது உரிமை பெற்றது. 1999-இல் 64 கோடி டாலர் கொடுத்து ரேபானையே வாங்கிவிட்டது. 2007-இல் ஓக்லியும் அதன் வசமாயிற்று. 2018-இல் லென்ஸ் செய்யும் பிரெஞ்சு ஸ்தாபனமான எஸ்ஸிலோருடன் இணைந்துவிட்டது. ஆக, எங்கள் அலமாரியில் எதிரிகளைப்போல் எதிரெதிரே உட்கார்ந்திருந்த பல பெயர்கள் ஒரே வீட்டுப் பிள்ளைகள்! சட்டை தைப்பவனும் வாசனைத் திரவியம் விற்பவனும் தங்கள் பெயரை இரவல் கொடுக்க, வேறொருவன் செய்த பிரேமின் கம்பியில் அது ஏறிக்கொள்கிறது. நெடுஞ்சாலையில் சென்னை வரையில் எங்கே பார்த்தாலும் எங்கள் ஊர்ப் பெயரைப் பலகையில் எழுதிக்கொண்டு டிகிரி காபி விற்கிறார்களே, அந்தக் காபிக்கும் கும்பகோணத்துக்கும் என்ன சம்பந்தமோ, அதே சம்பந்தந்தான் அந்த உடையலங்காரக்காரருக்கும் அந்தப் பிரேமுக்கும். காபி நன்றாகவும் இருக்கலாம். ஆனால் பலகை அதற்குச் சாட்சியாகாது.

இதற்கு நேர்மாறானதொரு ஊர் ஜப்பானில் இருக்கிறது. புக்குயி மாகாணத்தில், பனிக்காலத்தில் வயலில் வேலையில்லாத குடியானவர்களுக்கு ஒரு ஜீவனோபாயம் வேண்டுமென்று, மாசுநாகா கோசாயெமோன் என்பவர் 1905-இல் ஒசாக்காவிலிருந்து கைத்தொழிலாளிகளை வரவழைத்துக் கண்ணாடி செய்யக் கற்றுக்கொடுத்தார். அதனால் வளர்ந்த சபாயே என்னும் அவ்வூரார்தாம், எண்பதுகளில் டைட்டானியத்தைக் கொண்டு பிரேம் செய்யும் வித்தையை உலகத்துக்குக் காட்டியவர்கள். இறகுபோல் லேசானது, வியர்வைக்குக் களிம்பேறாதது, தோலை அரிக்காதது என்று, எங்கள் குருக்கள்மார்களுக்காகவே கண்டுபிடித்ததுபோல் இருந்தது அந்த உலோகம். நான் விற்ற பிரேம்களில், திரும்பக் குறையென்று வராதவை அந்த ஜாதியே. ஆனால் சபாயே என்ற பெயரை என் கடையில் ஒருவராவது கேட்டதில்லை.

பெயருக்கு மதிப்பு ஏறியவுடன் பொய்ப் பெயரும் கூடவே வந்தது. டில்லியில், கவி காலிப் வாழ்ந்த பல்லிமாரான் இன்று கண்ணாடி மொத்த வியாபாரத்துக்குப் பிரசித்தமான கடைவீதி. டில்லிக்கோ சென்னைக்கோ மொத்தச் சரக்குப் பிடிக்கப் போன எவரிடமும் ‘ஃபர்ஸ்ட் காப்பி’ என்ற தட்டை யாராவது ஒருவர் மேஜைக்கு அடியிலிருந்து எடுத்துக் காட்டாமல் இருந்திருக்கமாட்டார். எழுத்து, பெட்டி, துடைக்கும் துணி எல்லாம் அசலைப்போலவே இருக்கும். அந்தத் தட்டை நாங்கள் கடைக்குள் கொண்டுவந்ததில்லை. ஒருநாள் கல்லூரி ஆசிரியர் ஒருவர், வெளியூரில் அசல் விலை கொடுத்து வாங்கிய ரேபான் பிரேமை லென்ஸ் போட எங்களிடம் கொண்டுவந்தார். லென்ஸை ஏற்றுவதற்காகச் சூடு காட்டியபோது முலாம் பொரிந்து உள்ளே பித்தளை தெரிந்தது. அவருக்கு நேர்ந்த நஷ்டத்தைவிட, ஊரறிந்த படிப்பாளியாகிய தம்மை ஒரு கடைக்காரன் ஏய்த்துவிட்டான் என்ற அவமானமே அவரை அதிகமாக வாட்டியது. பெயரை வைத்தே சரக்கைச் சோதிப்பவன் பெயராலேயே வஞ்சிக்கப்படுவான் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

பெயரும் பொருத்தமும் நேருக்கு நேர் மோதிக்கொண்ட சந்தர்ப்பம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மைனஸ் ஒன்பது கிட்டப்பார்வையுள்ள ஒரு பெண், மேல்படிப்புக்காகச் சென்னைக்குப் போகவிருந்தவள், அகலமான வட்டங்களையுடைய ஒரு பிரசித்தமான பிரேம்தான் வேண்டுமென்று பிடிவாதமாக நின்றாள். மைனஸ் லென்ஸ் நடுவில் மெல்லியதாகவும் ஓரத்துக்குப் போகப் போகத் தடிப்பாகவும் இருப்பது. பிரேம் எவ்வளவு அகலமோ அவ்வளவுக்கு ஓரம் தடிக்கும், பாரம் கூடும், கண்மணி வட்டத்தின் நடுவிலிருந்து மூக்குப் பக்கமாக ஒதுங்கிப் போகும். அவள் கண்மணிகளுக்கு இடையிலுள்ள தூரத்தை அளந்து, அதற்கு ஏற்ற சிறிய வட்டமுள்ள, பெயரில்லாத ஒரு ஷெல் பிரேமை எடுத்து வைத்து, இரண்டிலும் லென்ஸின் ஓரம் எவ்வளவு தடிக்கும் என்பதைக் காகிதத்தில் வரைந்து காட்டினேன். “சோடா புட்டி என்று என்னை யாரும் சொல்லாமல் இருந்தால் போதும், மாமா” என்று சொல்லிச் சிறியதையே எடுத்துக்கொண்டாள். பிற்பாடு உத்தியோகத்துக்கு வந்த பிறகும், கண்ணாடி மாற்றுவதற்கென்றே ஊருக்கு வந்து எங்கள் கடைப் படி ஏறினாள். எந்தக் கம்பெனியின் விளம்பரமும் எனக்கு அப்படி ஒரு வாடிக்கையைச் சம்பாதித்துக் கொடுத்ததில்லை.

2007-இல் டைட்டன் கம்பெனி டைட்டன் ஐபிளஸ் என்று கண்ணாடிக் கடைகளைத் திறந்தபோதும், 2010-இல் லென்ஸ்கார்ட் தோன்றி, வீட்டிலிருந்தபடியே பிரேம் வாங்கலாம் என்று விளம்பரம் செய்தபோதும், எங்களைப் போன்ற சிறு கடைக்காரர்கள் கலங்கிப்போனது உண்மை. அவர்களுடைய சரக்கைக் கவனித்துப் பார்த்தபோது எனக்குக் கலக்கம் தெளிந்தது. டைட்டன்காரர் தம் பெயரிலேயே பிரேம் விற்றார். வின்சென்ட் சேஸ், ஜான் ஜேக்கப்ஸ் என்று யாரோ சீமைத் துரைகளின் பெயர்போல் ஒலிப்பவை லென்ஸ்கார்ட்டின் சொந்தப் பெயர்களே. கோடிக்கணக்கில் முதல் போட்டவர்களும், பிறர் பெயரை மட்டும் நம்பியிராமல், கடையின் நம்பிக்கையைப் பிரேமின்மேல் ஏற்றி விற்கும் வழியைத்தான் தேர்ந்துகொண்டார்கள். பெரியப்பா எந்தப் பெயரும் போடாமல் செய்துவந்ததும் அதுவேதான்.

இத்தொழிலில் புதிதாக இறங்கும் இளைஞர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவே. பிரேமுக்கென்று ஒதுக்கிய முதலில் கால் பங்குக்கு மேல் பெயருக்குக் கொடுக்க வேண்டாம். பத்துப் பெயர்களில் இரண்டிரண்டு பிரேம் வைப்பதைவிட, ஊரார் அறிந்த இரண்டு பெயர்களை எடுத்து, அவற்றில் எல்லா அளவும் இருக்கும்படி வைப்பது மேல். உங்களுக்கு வேண்டிய மாடலைப் பொறுக்கவிடாத பிரதிநிதியை மரியாதையாக அனுப்பிவிடுங்கள். மிச்சமுள்ள முக்கால் பங்கில், நீங்களே கீலை மடக்கிப் பார்த்து, உங்கள் ஊர் மூக்குகளை மனத்தில் வைத்து வாங்கிய சரக்கை நிரப்பி, உடைந்தால் நான் பொறுப்பு என்று பில்லில் உங்கள் கையால் எழுதிக் கொடுங்கள். கண்ணாடி வாங்க வருகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: முதலில் மூக்கின்மேல் உட்காருகிறதா என்று பாருங்கள், குனிந்து நழுவுகிறதா என்று பாருங்கள், பிறகு உங்கள் பவருக்கு அந்த வட்டம் ஏற்றதா என்று கடைக்காரரைக் கேளுங்கள், இம்மூன்றும் சரியாக இருந்தால், கம்பியின் உட்புறத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதைக் கடைசியாகப் படித்தால் போதும்.